காலாங் ஆற்றில் கயாக்: மாணவர்கள் ஆற்றைப் படித்துவிட்டுக் கரையேற என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரப் பள்ளி ஒன்றின் புவியியல் ஆசிரியர், உயர்நிலை மூன்று மாணவர்கள் 24 பேரைக் காலாங் பேசினில், அதாவது காலாங் ஆறு முகத்துவாரத்தில் அகன்று விரியும் நீர்ப்பரப்பில், மூன்று மணி நேரக் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) பயணத்துக்கு அழைத்துச் செல்கிறார். சென்ற ஆண்டு போனவர்கள் துடுப்புப் போட்டார்கள், நனைந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அதோடு சரி. இந்த முறை நகர ஆற்றைப் பற்றி உருப்படியாக ஏதாவது கற்க வேண்டும். எதை அளப்பது, எப்படி நடத்துவது, எங்கே தவறும் என்று கேட்கிறார்.

முதலில் செய்ய வேண்டியது குறைப்பது. இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் வீணாவதற்குக் காரணம், எட்டுப் பக்கப் பயிற்சித்தாளில் முப்பது கேள்விகள் இருப்பதுதான். தண்ணீரில் யாரும் அதைத் தொடுவதில்லை. கரைக்கு வந்து பேருந்தில் ஏறும்முன் ஒருவரைப் பார்த்து ஒருவர் நிரப்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: "என் படகுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வழியில் எதைச் சேர்த்துக்கொண்டு வந்தது?" அதற்கு மூன்று நிறுத்தங்கள், நான்கு அளவீடுகள் போதும். கயாக்கில் உட்கார்ந்தவரின் கண் நீர்மட்டத்துக்கு முக்கால் மீட்டர் மேலேதான் இருக்கும். பாலத்திலிருந்தோ நடைபாதையிலிருந்தோ தெரியாத ஒன்று அந்த உயரத்தில் நேருக்கு நேராகத் தெரியும்: கரைச்சுவரில் திறக்கும் வடிகால் வாய்கள். அவற்றைப் பார்க்கத்தான் படகு வேண்டும். மற்றவற்றைக் கரையிலேயே படித்துவிடலாம்.

காலாங் இதற்கு ஏற்ற ஆறு. கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் பேசின் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுதான். பேசினில் ரோச்சோர், கேலாங் ஆறுகளும் வந்து சேர்கின்றன. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு இவை அனைத்தும் ஒரே நீர்த்தேக்கமாகிவிட்டன. உப்பு கழுவப்பட்டு 2010 முதல் அது நன்னீர்த் தேக்கம். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டர், தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. பழைய ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இரண்டும் ஒரே குழாயில் ஓடுவதால், பெருமழை பெய்தால் கழிவறைத் தண்ணீரும் சேர்ந்து ஆற்றில் வழியும். இங்கே அப்படி இல்லை. இங்கே ஆற்றுக்கு வருவது தெருவும் கூரையும் கழுவிய மழை. ஆகவே அழுக்கு என்று எது தெரிந்தாலும் அது தரையில் யாரோ போட்டது, சிந்தியது, தோண்டியது, கழுவியது. அந்தத் தண்ணீர்தான் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. மாணவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பாடத்தைத் தொடங்குங்கள், பள்ளி வாசலிலிருந்து. பிள்ளைகள் லோங்காங் என்று சொல்லும் சாலையோர வடிகாலைப் பின்பற்றி, அது பெரிய கால்வாயில் சேரும் இடம் வரை ஒரு நடை. தோ பாயோவின் வடிகால்கள் காலாங், வாம்போ ஆறுகளின் பக்கமே இறங்குகின்றன. 'தோ' என்றால் ஹொக்கியனில் பெரிய, 'பாயா' என்றால் மலாயில் சதுப்பு. பெரிய சதுப்பாக இருந்த நிலம் அது. இன்று அந்தச் சதுப்பின் வேலையைச் சிமெண்டுக் கால்வாய் செய்கிறது, அதாவது செய்யாமல் விடுகிறது: நீரைத் தேக்கி வடிகட்டி மெல்ல விடுவதற்குப் பதிலாக அள்ளிக்கொண்டு ஓடுகிறது. நடையின்போது மாணவர்கள் மூன்றை மட்டும் வரைபடத்தில் குறிக்கட்டும்: வடிகாலுக்குள் குப்பை விழக்கூடிய இடங்கள், கட்டுமானத் தளங்கள், உணவங்காடி அல்லது வாகனம் கழுவும் இடங்கள். ஆற்றில் காணப்போவதற்கு இதுதான் ஊகம். ஊகம் கையில் இல்லாமல் படகில் ஏறினால் கண்ணில் எதுவும் படாது.

இதே வாரத்தில் ஒரு கணக்குப் போட வைக்கலாம். 10,000 ஹெக்டர் என்பது 100 சதுர கிலோமீட்டர். அதன்மீது 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 லட்சம் கனமீட்டர் தண்ணீர். எல்லாம் ஓடிவராது என்றாலும், சிமெண்டு அதிகமான இடத்தில் பெரும்பங்கு ஓடிவரும். அணைக்கட்டில் 9 மதகுகள், 7 பெரிய இறைப்பிகள். கடலில் நீர் தாழ்ந்திருக்கும்போது கனமழை பெய்தால் மதகுகளைச் சாய்த்து நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏற்றத்தில் இருந்தால் மதகைத் திறக்க முடியாது, கடல் உள்ளே வந்துவிடும். அப்போது இறைப்பிகள் ஓடும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கனமீட்டர், ஏழும் சேர்ந்தால் 280. இருபது லட்சத்தை இருநூற்று எண்பதால் வகுத்தால் ஏறக்குறைய 7,100 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். தாழ்வான சைனாடவுன், போட் கீ, கேலாங் போன்ற பகுதிகளில் வெள்ளம் தணிக்க இந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் சொல்லாது.

இதிலிருந்து வரும் இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேசினில் ஓட்டம் கிட்டத்தட்ட இருக்காது. அலையேற்ற இறக்கமும் கிடையாது. ஆறு என்றால் ஓடும் என்று பாடநூலில் படித்த மாணவர், துடுப்பை நிறுத்தியதும் படகு நகர்வதைக் கண்டு "நீரோட்டம் இந்தப் பக்கம்" என்று எழுதுவார். அது காற்று. மிதக்கும் இலையையும் படகையும் ஒன்றாகக் கவனித்தால் வேறுபாடு தெரியும்: உயரமான படகைக் காற்று வேகமாகத் தள்ளும், நீரோடு ஒட்டிய நனைந்த இலை பின்தங்கும். நீரோட்டமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

படகுகளுக்கு வருவோம். 24 பேருக்கு இரட்டைக் கயாக் 12. ஒற்றைக் கயாக்கைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கையும் துடுப்பில் இருக்கும்போது யாரும் எதையும் அளக்க முடியாது. இரட்டையில் கனமானவர், பொறுமையானவர் பின்னால்; திசை அவருடையது. முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தை வைப்பார், நிறுத்தத்தில் அளப்பார். இதை மாற்றி உட்கார வைத்தால் படகின் மூக்கு அமிழ்ந்து, பக்கக் காற்றில் திசை திரும்பிக்கொண்டே இருக்கும். நாலு நாலு படகாக மூன்று அணி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தால் நிம்மதி. ஓர் அணியில் ஒரு படகு நீர் அளவீடு, ஒன்று வடிகால் வாய் பதிவு, ஒன்று குப்பை எண்ணிக்கை, ஒன்று உயிரினங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேலை மாறட்டும், இல்லாவிட்டால் பறவை பார்க்கும் படகுக்கு மட்டும் பயணம் இனிக்கும்.

நிறுத்தத்தில் படகுகளைத் தெப்பமாக்க வேண்டும். நாலு கயாக்கும் பக்கம் பக்கமாக நெருங்கி, ஒவ்வொருவரும் பக்கத்துப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, துடுப்புகளைக் குறுக்கே மடிமீது கிடத்த வேண்டும். அளக்கும் படகு ஓரத்தில் இருக்கட்டும். நடுவில் இருந்தால் தண்ணீரைத் தொட இடமிருக்காது. ஓரத்தில் இருப்பவர் வெளிப்பக்கம் சாயும்போது பக்கத்துப் படகுக்காரர் விளிம்பை விடக்கூடாது. இதைக் கரையோரத்திலேயே இரண்டு முறை பழக்குங்கள். தெப்பம் கட்டத் தெரியாத வகுப்பு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடத்தை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே கழிக்கும்.

நான்கு அளவீடுகள்: தெளிவு, வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டுவது). நேரமிருந்தால் அமிலகார அளவையும் (pH) சேர்க்கலாம். நைட்ரேட், பாஸ்பேட் தாள்களுக்காக ஆசைப்பட வேண்டாம். இந்த நீரில் வரக்கூடிய சிறிய அளவுகளை அந்த வண்ணத்தாள்கள் நம்பத்தக்க விதத்தில் பிரித்துக் காட்டா. எல்லாருக்கும் ஒரே வெளிர் நிறம் வரும், "மாசு இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

தெளிவுக்குச் செக்கித் தட்டு. 20 சென்டிமீட்டர் விட்டம், நான்கு கால்வட்டங்களாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. பள்ளிப் பட்டறையிலேயே அக்ரிலிக் தகட்டில் செய்யலாம். அடியில் குறைந்தது அரைக் கிலோ எடை வேண்டும். கயிறு நீளாத வகையாக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும், குறி பொய்யாகும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு குறி. இறக்கும்போது மறையும் ஆழம், ஏற்றும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரியே அளவு. படகின் நிழல் பக்கம் பார்க்க வேண்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். இங்கே அடிக்கடி நேரும் பிழை, படகு காற்றில் நகர்ந்து கயிறு சாய்வது. சாய்ந்த கயிற்றின் நீளம் உண்மை ஆழத்தைவிட அதிகம், ஆகவே தண்ணீர் இருப்பதைவிடத் தெளிவாகத் தோன்றும். கயிறு செங்குத்தாக இல்லையென்றால் அந்த அளவைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிழை துடுப்பால் சேற்றைக் கிளறுவது. ஆழம் குறைந்த கால்வாய் வாய்களில் இது உடனே நேரும். நின்று இரண்டு நிமிடம் கழித்தே தட்டை இறக்க வேண்டும்.

கரைந்த ஆக்சிஜனுக்கு மின்னணு அளவி வேண்டும். வேதிக் கரைசல்கள் கொண்ட சோதனைப் பெட்டியைப் படகில் திறக்கவே கூடாது. அதில் காரமும் வீரிய அமிலமும் இருக்கும், ஆடும் படகில் கண்ணில் தெறிக்கும். பெட்டிதான் இருக்கிறது என்றால் படகுத்துறை மிதவை மேடையில் மட்டும் செய்யுங்கள். அளவியை அன்று காலையே சரிபார்த்து வையுங்கள். பழைய வகை முனையாக இருந்தால் நீருக்குள் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்காமல் விட்டால் முனையைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை அதுவே தின்றுவிட்டு எண் இறங்கிக்கொண்டே போகும், மாணவர் "ஆறு செத்துவிட்டது" என்று முடிவு கட்டுவார். ஒளி வகை முனைக்கு இந்தத் தொல்லை இல்லை. எண் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல ஒப்பீடு வேண்டும். 25 பாகை செல்சியசில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 பாகையில் 7.5 மட்டுமே. வெயிலில் காய்ந்த சிமெண்டுக் கால்வாயிலிருந்து வரும் நீர் சூடாக இருந்தால் அதுவே ஆக்சிஜன் குறையக் காரணமாகலாம். நண்பகலில் 9 அல்லது 10 காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பாசி வெயிலில் ஆக்சிஜனை உமிழ்கிறது, நீர் தாங்கும் அளவுக்கு மேலேயே நிற்கிறது. அதே பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை உறிஞ்சும். விடியுமுன் அளந்தால் மிகக் குறைவாக இருக்கும். அமிலகார அளவும் இப்படியே: பாசி கரியமிலவாயுவை எடுத்துக்கொள்வதால் பகலில் 8.5க்கு மேல் போகலாம். சோப்புத் தண்ணீர் கலந்துவிட்டது என்று மாணவர்கள் சொல்வார்கள். முதலில் பாசியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரத்தோடு அளவு மாறுவதால்தான் மிக முக்கியமான ஒரு விதி வருகிறது: திரும்பும்போது முதல் நிறுத்தத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஒன்பதரைக்குப் பேசினிலும் பத்தரைக்குக் கால்வாய் வாயிலும் எடுத்த எண்கள் வேறுபட்டால், இடம் காரணமா நேரம் காரணமா என்று சொல்ல முடியாது. பதினொன்றுக்குப் பேசினில் மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான பயிற்சித்தாள்களில் இது இருப்பதில்லை. அறிவியல் என்றால் என்ன என்பதை இந்த ஒரு மறு அளவீடு கற்றுக்கொடுக்கிற அளவுக்கு வேறெதுவும் கற்றுக்கொடுக்காது.

மின்கடத்துதிறன் அளவி மலிவானது, கெட்டியானது, மாணவர்களுக்குப் பிடிக்கும். கடல்நீர் சென்டிமீட்டருக்கு 50,000 மைக்ரோசீமென்ஸ் அளவில் காட்டும், நன்னீர் சில நூறுகளில் நிற்கும். பயணத்துக்குப் பிறகு மரினா அணைக்கட்டுக்குப் போய்க் கடல் பக்கத்தில் ஒரு வாளி நீரும் உள்பக்கத்தில் ஒரு வாளி நீரும் எடுத்து அளந்தால், 350 மீட்டர் நீளச் சுவர் ஒன்று கடலுக்கும் குடிநீருக்கும் நடுவே நிற்பது எண்ணாகக் கையில் கிடைக்கும்.

நீர் மாதிரியைக் கரைக்குக் கொண்டுவருவதானால், புட்டியை அந்த நீரிலேயே மூன்று முறை அலசி, வாயைக் கீழாகப் பிடித்து முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி நிரப்பி, நீருக்குள்ளேயே மூட வேண்டும். மேற்பரப்பில் மிதக்கும் தூசியை அள்ளினால் அது ஆற்றின் அளவல்ல. கிருமிச் சோதனையைப் பள்ளியில் முயல வேண்டாம். நீர் விளையாட்டுக்கு ஏற்றதா என்று பார்க்க இங்கே எண்டரோகாக்கஸ் நுண்ணுயிரை எண்ணுகிறார்கள். மாதிரியைப் பனிப்பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டிய வேலை அது. மாதிரி எடுப்பதற்குப் படகு நிலையத்திடமும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். இது குடிநீர்த் தேக்கம்.

குறிப்பெடுக்கக் கைப்பேசி வேண்டாம். நீர்புகாத் தாள் அல்லது வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, பென்சில். எல்லாவற்றையும் படகோடு கட்டுங்கள், ஆளோடு கட்டாதீர்கள். கழுத்தில் தொங்கும் நாடா, மணிக்கட்டில் சுற்றிய கயிறு எதுவும் கூடாது, கவிழ்ந்தால் சிக்கிக்கொள்ளும். கட்டும் கயிறும் அரை மீட்டருக்கு மேல் வேண்டாம்.

வடிகால் வாய்களுக்கு வந்தால் அவசரப்படாதீர்கள், பயணத்தின் உயிர் இங்கேதான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து குறிப்பு: உருவம் (வட்டக் குழாயா, பெட்டிக் கால்வாயா), நீர் சொட்டுகிறதா ஓடுகிறதா, நிறம், மணம், வாயைச் சுற்றிக் கறையோ பாசியோ எந்த உயரம் வரை. கடைசி மழை பெய்து இரண்டு நாள் ஆன பிறகும் ஒரு வாயிலிருந்து நீர் ஓடினால் அதுதான் சுவையான கேள்வி. குளிர்சாதன நீரா, யாரோ கழுவுகிறார்களா, நிலத்தடி ஊற்றா? பழுப்பு நிறம் வந்தால் மேலே எங்கோ மண் திறந்திருக்கிறது. பச்சை என்றால் பாசி. வானவில் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று எழுத வேண்டாம். துடுப்பு நுனியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் பிரிந்து மறுபடி ஒன்றுசேரும். இரும்பை உண்ணும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் படலம் உடைந்த கண்ணாடிபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நிற்கும், அது மாசல்ல.

மழைக்குப் பின் வரும் முதல் நீர்தான் மிக அழுக்கானது. பல நாள் தெருவில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், சிகரெட் துண்டு எல்லாவற்றையும் முதல் பத்து இருபது நிமிட ஓட்டம் வாரிக்கொண்டு வரும். பிறகு வருவது ஒப்பளவில் சுத்தம். அதனால் பயணத்துக்கு முந்தைய 48 மணி நேர மழையளவை வானிலை நிலையத் தரவிலிருந்து குறித்து வைப்பது கட்டாயம். அது இல்லாமல் உங்கள் அளவுகளை இன்னொரு வகுப்பின் அளவுகளோடு ஒப்பிட முடியாது.

குப்பையை எண்ணட்டும், பொறுக்க வேண்டாம். கண்ணாடியும் ஊசியும் கையைக் கிழிக்கும், குனிந்தால் படகு கவிழும். கரையோரம் 50 மீட்டர், சுவரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் மிதப்பவை: பிளாஸ்டிக் புட்டி, பை, நுரைப்பெட்டி, பானக் குவளை, இலைதழை, மற்றவை. 50 மீட்டர் என்பதற்கு ஏறத்தாழ பத்து இரட்டைக் கயாக் நீளம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். குப்பையைப் பிடிக்க ஆற்றின் குறுக்கே போட்டிருக்கும் மிதவைத் தடுப்புக்குப் பக்கத்தில் எண்ணினால் கணக்கு ஏகத்துக்கும் ஏறும், அதற்குக் கீழே எண்ணினால் ஒன்றுமே இருக்காது. தடுப்பு எங்கே இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்தத் தடுப்பில் சேர்வதை ஆள் வைத்து அள்ளுகிறார்கள். ஆறு சுத்தமாகத் தெரிவது அது சுத்தமாக இருப்பதால் மட்டுமல்ல, அதிகாலையில் ஒருவர் வந்து அள்ளிவிட்டுப் போவதாலும்தான். இதை மாணவர்கள் கண்ணால் காண்பது நல்லது.

உயிரினப் படகுக்குப் பட்டியல் சிறிதாக இருக்கட்டும்: சாம்பல் நாரை, சிறு வெண்கொக்கு, மீன்கொத்தி, உடும்பு, மீன் கூட்டம், நீர்நாய். பீஷானிலிருந்து மரினா வரை மென்மயிர் நீர்நாய்க் குடும்பங்கள் திரிகின்றன. தெரிந்தால் துடுப்பை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பத்துப் படகு நீளம் இடைவெளி விடுங்கள். கரைக்கும் அதற்கும் நடுவே படகைக் கொண்டுபோய் வழியை அடைக்கக் கூடாது, குட்டி இருந்தால் தாய் பாயும். மீன்களில் திலாப்பியாவும் பீகாக் பாஸும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. "உயிர் நிறைந்திருக்கிறது, ஆகவே ஆறு நலமாக இருக்கிறது" என்று எழுதும் மாணவரிடம், எந்த உயிர் என்று கேளுங்கள்.

வரலாற்றுக்குத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போதும், அதையும் பேசினின் நடுவில் வைத்துச் சொல்லுங்கள். 1819க்கு முன்பே இந்த முகத்துவாரத்தில் படகுகளிலேயே வாழ்ந்த ஓராங் பிடுவாண்டா காலாங் மக்களின் பெயர்தான் ஆற்றின் பெயர். பிறகு எரிவாயு ஆலை, மரப்பட்டறை, படகுப் பட்டறை. 1977இல் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பின்போது, பத்தாண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங்கிலும் மீன்பிடிக்க முடிய வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். 1987இல் அது நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் காலாங் நீர்ப்பிடிப்பில் இருந்த 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் நூற்றுக்கணக்கான வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன, பல்லாயிரம் குடும்பங்கள் வீடமைப்புப் பேட்டைகளுக்கு மாறின, தெருவோர உணவுக்காரர்கள் அங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். சுத்தத்துக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். தமிழ் மாணவர்களுக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. சிராங்கூன் சாலைப் பகுதியின் மாட்டுத் தொழிலுக்கு ரோச்சோர் கால்வாயின் நீரும் கரைப்புல்லும்தான் ஆதாரம். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். டோபி காட்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்டு கால்வாயாக அதே மரினா நீர்த்தேக்கத்தில் விழுகிறது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் அந்தக் கால்வாய்களின் மணம் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் முதலிடம் மின்னலுக்கு, கவிழ்வதற்கு அல்ல. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கரை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. நிலையம் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் கேள்வியே இல்லை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம், ஆகவே காலைப் பயணம். ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்பும் காலையிலும் சுமத்ரா சூறைக்காற்று வரும். மேற்கே கறுத்த மேகம் கோடாகத் தெரிந்தால் அரை மணிக்குள் காற்று அடிக்கும். பேசின் திறந்தவெளி, இரட்டைக் கயாக்கைப் புதியவர்கள் அந்தச் சூறைக்காற்றை எதிர்த்து நகர்த்த முடியாது. எப்போதும் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். களைத்த பிறகு எதிர்காற்று வரக்கூடாது.

உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் பட்டை தளர்வு. கவிழ்வுப் பயிற்சி ஒவ்வொருவரும் ஒரு முறை செய்தே ஆக வேண்டும். கவிழ்ந்தால் படகை விடக் கூடாது, நீந்திக் கரைக்குப் போகவும் கூடாது. டிராகன் படகுகள் அதே நீரில் பயிற்சி செய்கின்றன. அவை வேகமாக வரும், தாழ்ந்திருக்கும் கயாக் சுக்கான் பிடிப்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அவற்றின் தடத்தைக் குறுக்கே கடக்கும்போது அணி முழுவதும் சேர்ந்தே கடக்க வேண்டும். திறந்த புண் இருப்பவர் நீர்புகாக் கட்டுப் போடட்டும், பெரிய புண் என்றால் கரைப்பணி. வாயில் நீர் போனால் துப்பட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் ஆற்றில் இருந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் கடிதத்தில் எழுதிவிடுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே பிடிக்க அது உதவும். நீளக் கை வைத்த மெல்லிய சட்டை, தொப்பி, மூடிய காலணி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் நீர்.

நேரக் கணக்கு இப்படி வரும். 8.30க்கு வந்து உடுத்தித் தரைப்பயிற்சி 35 நிமிடம், நீரில் கவிழ்வும் தெப்பமும் 25 நிமிடம். 9.30 முதல் 11 வரை பயணம். அதில் மூன்று நிறுத்தத்துக்குத் தலா 12 நிமிடமும் மறு அளவீட்டுக்கு 5 நிமிடமும் போனால் துடுப்புக்கு 50 நிமிடம்கூடக் கிடைக்காது. புதியவர்கள் குழுவாக மணிக்கு இரண்டரை கிலோமீட்டர்தான் போவார்கள். ஆகவே போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர். இதற்கு மேல் வழியை நீட்டினால் முதலில் பலியாவது அளவீடுதான். முதல் நிறுத்தம் பேசின் நடுவில், இரண்டாவது ஒரு கால்வாய் வாயில், மூன்றாவது நிலையம் அனுமதிக்கும் அளவுக்கு ஆற்றின் மேற்பக்கம். கடைசி அரை மணி படகு கழுவ, குளிக்க.

மறுவாரம் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்கு ஒரு மாலை நடை சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான சிமெண்டுக் கால்வாயாக இருந்த இதே காலாங்கை, 2012இல் 3 கிலோமீட்டருக்கு மேல் வளைந்தோடும் மண்கரை ஆறாக மாற்றித் திறந்தார்கள். அதே நான்கு அளவீடுகளை அங்கே கரையிலிருந்து எடுத்து, பேசின் எண்களோடு ஒரே வரைபடத்தில் போடட்டும்: கிடை அச்சில் ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கம் வரை இடங்கள், நெடுக்கு அச்சில் அளவு, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நேரமும் கடைசி மழையும். பிறகு இரண்டு வாரம் முன்பு பள்ளி வாசலில் வரைந்த ஊக வரைபடத்தை எடுத்து, எது சரி, எது தவறு என்று சிவப்பு மையால் திருத்தட்டும். மதிப்பெண்ணை அந்தத் திருத்தத்துக்கே கொடுங்கள்.

மின்னலால் பயணம் ரத்தானால் அந்த நாளை வீணாக்காதீர்கள். மழை நின்று, நிலையம் அனுமதித்ததும், படகுத்துறை மேடையிலிருந்து செக்கித் தட்டையும் அளவிகளையும் இறக்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அளக்கச் சொல்லுங்கள். தெளிவு குறைந்துகொண்டே போவதும், கால்வாய் நீர் வந்து சேர்ந்ததும் வெப்பநிலை சட்டென்று மாறுவதும் தெரியலாம். வெயில் நாளில் படகேறிப் போகும் வகுப்புக்கு அந்தக் காட்சி கிடைக்காது.